பழைய டீசல் பிக்கப்புக்கு காயலாங்கடை சாமான்: ராமநாதபுரம் கடற்கரைக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடின்னு நம்ம கடற்கரை பூரா மீன் லோடு, ஐஸ் லோடு, கருவாடு, கரி மூட்டை ஏத்திக்கிட்டு ஓடுற பழைய பிக்கப் எத்தனையோ இருக்கு. புது வண்டி எடுக்க வசதி இல்லாதவங்களும், இருக்குற வண்டி நல்லா உழைக்குது எதுக்கு மாத்தணும்னு நினைக்கிறவங்களும் ஒடைப்பு வண்டிலேர்ந்து சாமான் எடுத்துப் போட்டு வண்டிய தேத்துறாங்க. நான் மெக்கானிக் இல்ல, மீன் லோடு ஓட்டுறவன், பல வருஷமா ஒரே டாடா 207 டிஐ பிக்கப் தான், அதுக்கு பட்டறைல பக்கத்துல நின்னு பாத்து, தப்பா வாங்கி, திரும்ப வாங்கி கத்துக்கிட்டத எழுதுறேன். தம்பிங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளத்தான் கீழ போட்டிருக்கேன்.

பழைய சாமான் போட்டா வண்டி நம்பி ஓட்டலாமா அண்ணே?

ஓட்டலாம். ஆனா நம்ம ஊருக்கு ஒரு விஷயம் தனியா இருக்கு, அத புரிஞ்சுக்கிட்டா பாதி பிரச்சனை போச்சு. மத்த ஊர்ல சாமான் எத்தன கிலோமீட்டர் ஓடுனதுன்னு கேப்பாங்க, நாம அது எந்தக் காத்துல நின்னுச்சுன்னு கேக்கணும். மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடுன மானாமதுரை வண்டியோட பின் அச்சு ஹவுசிங்க நான் தைரியமா எடுப்பேன், அதுல பாதி கூட ஓடாம மூக்கையூர் கரையில மூணு வருஷம் நின்ன வண்டில இருந்து ஒரு போல்ட்டு கூட எடுக்க மாட்டேன். எண்ணெய்க்குள்ள இருந்த இரும்பு பொழைக்கும், உப்புக்காத்துல நின்ன இரும்பு பொழைக்காது. கீழ சொல்லப்போறது எல்லாமே இதுலேர்ந்துதான் வருது.

அப்ப எந்த ஊருக்குப் போய் வாங்குறது?

ராமநாதபுரத்துலயே வண்டி ஒடைக்கிற இடங்க இருக்கு, அவசரத்துக்கு அங்க போங்க, ஆனா அங்க வர்ற வண்டில பாதி நம்ம கடற்கரை வண்டிதான். பெரிய சாமானா இருந்தா பரமக்குடி தாண்டி மதுரை பக்கம் போறது நல்லது. கோயம்புத்தூர் உக்கடமும் சென்னை புதுப்பேட்டையும் பழைய ஸ்பேருக்கு பேர் போன இடம், அங்க சாமான் அதிகம், ஆனா கழட்டி, கழுவி, பெயிண்ட் அடிச்சு அடுக்கி வச்சிருப்பாங்க, எந்த வண்டில இருந்து வந்துச்சுன்னே தெரியாது. வண்டியோட இருக்கும்போதே பாத்து நாமளே நின்னு கழட்டுறதுதான் எனக்குப் புடிச்ச முறை, அரை நாள் போனாலும் பரவாயில்ல.

இன்னொன்னு, வெள்ளத்துல மூழ்குன வண்டி. 2015 டிசம்பர்ல சென்னைல, 2023 டிசம்பர்ல சென்னைலயும் அதே மாசம் தூத்துக்குடி நெல்லைலயும் எத்தன வண்டி தண்ணிக்குள்ள கெடந்துச்சுன்னு நமக்குத் தெரியும், அந்த மாதிரி வண்டில பலது கடைசில ஒடைப்புக்குத்தான் வரும். ஹெட்லைட் கண்ணாடிக்குள்ள, சீட்டு தண்டவாளத்துல, டேஷ்போர்டு பின்னாடி வயர் கட்டுக்குள்ள மெல்லிசா வண்டல் படிஞ்சிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. இருந்தா அந்த வண்டில கரண்டு சம்பந்தப்பட்ட எதையும் தொடாதீங்க.

ஒரு வண்டி கடற்கரை வண்டியா இல்லையான்னு பாத்த உடனே எப்படி சொல்றது?

நம்பர் பிளேட்டு டி.என். 65-ஆ இருந்தா மட்டும் போதாது, பரமக்குடி, கமுதி வண்டியும் அதே நம்பர்தான் வச்சிருக்கும், வெளியூர் நம்பர் வண்டியும் நம்ம கரையிலயே ஆயுசு பூரா ஓடியிருக்கும். நான் மூணு இடம் பாப்பேன்.

முதல்ல ஒரு சின்ன சுத்தியல். கேபினுக்கு பின்னாடி சேஸ் வளையுற இடம், பின் பட்டை (ஸ்பிரிங் பட்டை) தொங்குற பிராக்கெட், கடைசி குறுக்குச் சட்டம், இந்த மூணு இடத்துலயும் லேசா தட்டுங்க. நல்ல தகடு ணங்குன்னு கேக்கும், அழுகுனது பொத்துன்னு கேக்கும், சில நேரம் துரு ஏடு ஏடா கீழ கொட்டும். ரெண்டாவது, ஏதாவது ஒரு வயர எடுத்து ஒரு இஞ்ச் தோல உரிச்சுப் பாருங்க, உள்ள செம்பு பளபளன்னு இருந்தா உள்நாட்டு வண்டி, கறுத்துப் போயிருந்தா உப்பு ஈரம் தோலுக்குள்ளயே ஏறிடுச்சுன்னு அர்த்தம். மூணாவது, அலுமினியம் பாகத்துல இரும்பு போல்ட்டு ஏறுற இடம். அங்க வெள்ளையா மாவு மாதிரி பூத்திருந்தா அது கடல் காத்து செஞ்ச வேலை, அந்த போல்ட்ட கழட்டும்போது மரையும் சேந்து வந்துரும்.

எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது?

கியர்பாக்ஸ், கிரவுன் ஹவுசிங் (பின் அச்சு நடுவுல பெரிய பல்சக்கரம் இருக்குற கூடு), கிராங்க், கேம், இன்ஜின் பிளாக் இதெல்லாம் வாங்கலாம், ஏன்னா உள்பக்கம் எண்ணெயில ஊறிக்கிட்டே இருந்தது. கியர்பாக்ஸ்னா அடி போல்ட்ட கழட்டி ஆயில ஒரு டப்பால புடிங்க, பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி எறங்கியிருக்கு. போல்ட்டுல காந்தம் இருந்தா அதுல சாந்து மாதிரி நைசா ஒட்டியிருக்கறது சகஜம், சில்லு சில்லா இருந்தா அப்படியே வச்சுட்டு வந்துருங்க. ஒவ்வொரு கியரா போட்டு கையால சுத்திப் பாருங்க. செம்பு பித்தளை ரேடியேட்டர் கெடச்சா விடாதீங்க, ஓட்டை விழுந்தாலும் பட்டறைல பத்த வச்சுக்கலாம், பிளாஸ்டிக் தொட்டி வச்ச அலுமினியத்துல அது நடக்காது. சீட்டு, கதவுக் கண்ணாடி, வைப்பர் மோட்டார், மீட்டர் இதெல்லாம் உங்க இஷ்டம்.

வாங்கவே கூடாதது: பிரேக் ஹோஸ், பிரேக் பைப்பு, மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், டை ராட் எண்டு, ஸ்டீயரிங் ஆர்ம், சீட் பெல்ட்டு, பழைய டயர். இதுல காசு மிச்சம் புடிக்கிறவங்க மேல எனக்கு நிஜமாவே கோவம் வரும். வண்டி நிக்கலன்னா போறது நம்ம உயிர் மட்டும் இல்ல, ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைங்க உயிரும் சேத்துத்தான். பிரேக் டிரம் மட்டும் வாங்கலாம், ஆனா எவ்வளவு வரைக்கும் தேயலாம்னு டிரம்முலயே பெரும்பாலும் அளவு போட்டிருக்கும், லேத்துல குடுத்து அளந்து பாத்துட்டு எடுங்க.

பழைய பட்டையும் வேணாம். நம்ம ஊர்ல பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல உப்புத்தண்ணி நின்னு உள்ளயே அரிக்கும், மேல பாத்தா ஒன்னும் தெரியாது, லோடோட போகும்போது நடு போல்ட்டுகிட்ட வெடிக்கும். கூடுதல் பட்டை வச்சா கூடுதல் லோடு ஏத்தலாம்னு நினைக்கிறதும் தப்பு, பட்டை தாங்கும், ஹவுசிங்கும் சேஸும் தாங்காது.

டைனமோ பெருசா போடணும், எந்த வண்டியோடதும் பொருந்துமா?

இதுல நான் பட்டத சொல்றேன். மீன் பெட்டிக்கு லைட்டு, ஃபேனு, பாட்டு செட்டு எல்லாம் சேந்து என் வண்டில பேட்டரி ராத்திரில இறங்கிக்கிட்டே இருந்துச்சு. ஒரு ஒடைப்பு யார்டுல பெரிய ஆம்பியர் டைனமோ ஒன்னு பாத்தேன், பிராக்கெட் பொருந்துது, புல்லி பொருந்துது, கடைக்காரரு அதே தான் போட்டுக்கங்கன்னாரு, வாங்கிட்டு வந்துட்டேன். நம்ம பழைய டீசல் பிக்கப்ல பலதுல டைனமோவுக்குப் பின்னாடி முதுகுல ஒட்டுன மாதிரி ஒரு வேக்கம் பம்ப் இருக்கும், பிரேக் பூஸ்டருக்கு (நாம மிதிக்கிற பலத்த கூட்டிக் குடுக்குற டப்பா) காத்த உறிஞ்சி குடுக்குறது அதுதான். டீசல் இன்ஜின்ல பெட்ரோல் இன்ஜின் மாதிரி இன்டேக்ல வேக்கம் கெடைக்காது, அதனால தனியா பம்ப் வேணும். நான் வாங்குனதுல பம்ப் இருந்துச்சு, ஆனா உள்ள இருக்குற பிளேடு தேஞ்சு போனது.

மறுநா காலைல பாம்பன் பாலத்துல ஏறி தங்கச்சிமடம் பக்கம் எறங்குறேன், முன்னாடி ஒரு டூரிஸ்ட் பஸ்ஸு, கடல் பாக்கணும்னு நடுவுலயே ஸ்லோ பண்ணுனாரு, நான் மிதிக்கிறேன், முதல் மிதி புடிச்சுச்சு, ரெண்டாவது மிதி கல்லு மாதிரி. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சு, கியர எறக்கி, கைப்பிரேக்க இழுத்து, பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்னுச்சு. பின்னாடி ஐஸ் பெட்டி சறுக்கி வந்து கேபின்ல இடிச்ச சத்தம் இன்னும் காதுல கேக்குது.

அதனால டைனமோ வாங்கும்போது பின்னாடி பம்ப் இருக்கான்னு பாருங்க, இருந்தா கையால சுத்திக்கிட்டே உறிஞ்சுற வாய்ல விரல வச்சுப் பாருங்க, விரல இழுக்கணும். ஆயில் வர்ற பைப்பு, திரும்பிப் போற ஹோஸ் ரெண்டும் உங்க வண்டில இருக்குற பக்கமே இருக்கணும். திரும்பிப் போற ஹோஸ் அடைச்சிருந்தா ஆயில் டைனமோவுக்குள்ள போயி சுருளையே நனைச்சுரும். மாட்டுனப்புறம் வண்டி நின்ன இடத்துலயே ஒரு டெஸ்ட்டு: இன்ஜின் ஆஃப்ல பிரேக்க நாலஞ்சு தடவ மிதிச்சு கெட்டியாக்குங்க, காலு மேலயே வச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ எறங்குனா பூஸ்டர் வேலை செய்யுது. எறங்கலன்னா ரோட்டுக்குப் போகாதீங்க. ரெண்டு நிமிஷ வேலை, அன்னைக்கு நான் செய்யல.

கிரவுன் மாத்துனா மைலேஜ் வருமாமே?

வரும், நம்ம மாவட்டத்துக்கு இது நல்ல வேலைன்னுதான் நான் சொல்லுவேன். மலை கெடையாது, மேடுன்னு சொல்லணும்னா 1988-ல திறந்த பாம்பன் ரோட்டுப் பாலமும் ரெண்டு மூணு ரயில்வே மேம்பாலமும்தான், மீதி எல்லாம் தட்டு மாதிரி ரோடு. லோடு வண்டில குடுக்குற கிரவுன் மலையேறவும் சேத்து கணக்குப் போட்டது, நாம தொண்டிலேர்ந்து மதுரைக்கு இன்ஜின் கத்தக் கத்த ஓட்டுறோம்.

கிரவுன்ல பல்லு எண்ணிக்கை அடிச்சிருக்கும், பெருச சின்னதால வகுத்தா கணக்கு, 41-ம் 10-ம்னா 4.1, 41-ம் 11-ம்னா 3.73. நம்பர் சின்னதாக ஆக இன்ஜின் சுத்து குறையும், இழுவையும் குறையும். யார்டுல ஹவுசிங் மூடியே கெடந்தா திறக்காமலே கண்டுபுடிக்கலாம்: ஒரு பக்க டிரம்ம ஒருத்தர் அசையாம புடிச்சுக்கணும், பினியன் ஃப்ளேஞ்சுல (கிரவுன சுத்துற சின்ன பல்சக்கரத்தோட வெளி முனை) சாக்பீஸ் கோடு போட்டு மெதுவா சுத்துங்க, இன்னொரு பக்க டிரம் சரியா ரெண்டு சுத்து வர்றதுக்குள்ள ஃப்ளேஞ்ச் எத்தன சுத்து சுத்துச்சோ அதுதான் ரேஷியோ. நாலு சுத்தும் கொஞ்சமும்னா 4.1 பக்கத்துல, மூணே முக்கால்னா 3.73 பக்கத்துல.

ஒரே கம்பெனி, ஒரே ஹவுசிங் குடும்பத்துக்குள்ள மட்டும் மாத்துங்க. கிரவுனும் பினியனும் ஜோடியாத்தான் வாங்கணும், தனித்தனியா வாங்கி சேத்தா ஊளையிடும், கொஞ்ச நாள்ல பல்லு போயிரும். ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸ்லேர்ந்து போற வண்டில, மாத்துனப்புறம் மீட்டர் குறைச்சுக் காட்டும், 60-னு காட்டும்போது நிஜத்துல அதுக்கு மேல போய்க்கிட்டிருப்பீங்க, ஞாபகம் வச்சுக்கங்க. ஓவர்லோடு அடிக்கிறவங்க இத செய்யவே வேணாம், கிளட்ச் தேயும்.

டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஒடைப்பு வண்டி டர்போ மாட்டலாமா?

டாடாவோட 3 லிட்டர் இன்ஜின், 2956 சிசி, டர்போ இல்லாமலும் வந்திருக்கு, டர்போவோடயும் வந்திருக்கு, அதனால எல்லாருக்கும் இந்த ஆசை வருது. மேனிஃபோல்டு மாட்டிக்கலாம், பைப்பு கூட வளைச்சுக்கலாம், ஆனா டர்போ இன்ஜினுக்குன்னு பிஸ்டன் வேற, கம்ப்ரஷன் வேற, பூஸ்டுக்கு ஏத்த மாதிரி டீசல் குடுக்குற பம்ப் வேற. வெறும் டர்போவ மட்டும் மாட்டி டீசல ஏத்தாம விட்டா பெருசா இழுவை வராது, டீசல ஏத்துனா பிஸ்டன் தலை சூடு தாங்காது. முழு டர்போ இன்ஜினையே எடுத்து வைக்கிறது தான் வழி, அதுக்கு ஆர்டிஓ வேலை இருக்கு, கீழ சொல்றேன்.

ஏற்கனவே டர்போ வண்டி வச்சிருந்து மாத்து டர்போ வாங்குறவங்களுக்கு: டர்போ நடுத் தண்ட புடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க, ஒரு மயிரிழை ஆடலாம், உள்ள வெளிய இழுத்தா ஆடவே கூடாது. பிளேடு ஓரம் கூட்டுல உரசுன தடம் இருந்தா வேணாம். சைலன்சர் பக்கம் ஆயில் ஈரம் இருந்தாலும் வேணாம். டர்போவுக்கு ஆயில் பைப்பு மட்டும் புதுசா வாங்கிப் போடுங்க, பழைய பைப்புல கரி கட்டியிருந்தா நல்ல டர்போவும் சீக்கிரமே காலி.

டீசல் பம்ப்ல ஸ்க்ரூ ஏத்துனா இழுவை வரும்னு சொல்றாங்களே?

கரும்புகை வரும். எரியாத டீசல் அது, உங்க காசு. புகை டெஸ்ட்டுல எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) நிக்கும். வேணாம்.

பழைய மைக்கோ டீசல் பம்ப் வாங்குறதுல என்ன பாக்கணும்? (மைக்கோங்கிறது இப்ப பாஷ் லிமிடெட், 2008-ல பேர் மாத்துனாங்க, பட்டறைல இன்னும் மைக்கோ தான்.)

ரெண்டு வகை. வரிசை பம்புக்கு அடிப்பக்கம் இன்ஜின் ஆயில் போகும், ரோட்டரி பம்புக்கு டீசலேதான் எண்ணெய். அதனால ரோட்டரி பம்ப் வச்ச வண்டி டேங்க் காஞ்சு வருஷக்கணக்கா நின்னிருந்தா உள்ள துரு புடிச்சு இறுகியிருக்கும், அதுவும் நம்ம காத்துல. கையால சுத்துங்க, எங்கயாவது கரகரன்னா விட்டுருங்க. எதை வாங்குனாலும் மதுரைல கலிப்ரேஷன் கடைல பெஞ்சுல ஏத்தி பாத்துட்டு, டைமிங் வச்சு மாட்டுங்க. கலிப்ரேஷன் காசையும் சேத்துக் கணக்குப் போட்டு வெலைய பேசுங்க.

காமன்ரெயில் வண்டிக்கும் (கம்ப்யூட்டர் வச்சு டீசல் பீச்சுற புது வகை) இப்படி வாங்கலாமா?

கஷ்டம். இன்ஜெக்டர் ஒவ்வொன்னுக்கும் ஒரு கோடு நம்பர் உண்டு, அத ஸ்கேனர் வச்சு ஈசிஎம்ல (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஏத்தணும், ஏத்தலன்னா ஐடிலிங் அடிக்கும், புகை தள்ளும். இம்மொபிலைசர் (சொந்தச் சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு) இருக்குற வண்டில ஈசிஎம் வாங்குனா சாவியும் அதோட செட்டா வேணும். மெக்கானிக்கல் வண்டியோட நிம்மதி அதுல கெடையாது.

பவர் ஸ்டீயரிங் மாட்டலாமா?

அதே மாடல்லயே பவர் ஸ்டீயரிங்கோட வந்த வண்டி கெடச்சா பாக்ஸ், பம்ப், டேங்க், பைப்பு, பிராக்கெட், ஸ்டீயரிங் தண்டு எல்லாத்தையும் முழு செட்டா எடுங்க. ஒன்ன விட்டுட்டு வந்தா அத தேடியே வருஷம் போயிரும். பாக்ஸ் உக்காருற சேஸ் இடம் அழுகியிருந்தா அந்த வேலையே வேணாம். ஸ்டீயரிங் ஆர்ம எந்தக் காரணத்துக்கும் வெல்டிங் வைக்க விடாதீங்க.

இன்ஜின் மாத்துனா, சாமான் மாத்துனா சட்டப்படி தப்பா?

அதே மாதிரி டைனமோ, ரேடியேட்டர், கியர்பாக்ஸ்னு தேஞ்சதுக்கு பதிலா போடுறது ரிப்பேர், அதுல சிக்கல் இல்ல. கம்பெனி குடுத்த அமைப்பையே மாத்துறதுக்குத்தான் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. இன்ஜின் மாத்துறதா இருந்தா முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டு, மாத்துனப்புறம் ஆர்சில புது இன்ஜின் நம்பர ஏத்தணும். 2019 திருத்தத்துல 182ஏ பிரிவு வந்துச்சு, அனுமதி இல்லாம மாத்துன ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். அத விட முக்கியம், ஆர்சில இல்லாத இன்ஜினோட ஆக்ஸிடென்ட்டு ஆனா இன்சூரன்ஸ்ல தகராறு வரும்.

திருட்டு சாமான் பயமும் இருக்கு. தெரிஞ்சு வாங்குனா பாரதிய நியாய சம்ஹிதா 317-வது பிரிவு. நம்பர் அடிச்ச சாமான்னா நம்பர் தேச்சிருக்கான்னு பாருங்க, கழட்டுன வண்டியோட ஆர்சி காப்பி வாங்குங்க, பில்லு வாங்குங்க, வண்டியோட இருக்கும்போதே போனுல படம் எடுத்து வச்சுக்கங்க. பில்லு தரமாட்டேன்னா அந்த இன்ஜினு எவ்வளவு நல்லா இருந்தாலும் வேணாம்.

வெலை எப்படி பேசுறது?

புது சாமான் வெலைய முதல்ல கடைல கேட்டுட்டுப் போங்க. பழசு வெலையோட சர்வீஸ் கிட்டு, லேத் கூலி, ஏத்தி எறக்குற வாடகை சேத்துப் பாருங்க, புதுசுல பாதிய தாண்டுனா நான் வாங்க மாட்டேன். சரியில்லன்னா திருப்பி எடுப்பீங்களா, எத்தன நாளுக்குள்ளன்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடியே பேசிருங்க.

வாங்கிட்டு வந்த சாமான உடனே மாட்டலாமா?

முதல்ல நல்ல தண்ணில கழுவுங்க. இது சின்ன விஷயமா தெரியும், நம்ம ஊர்ல இதுதான் பெரிய விஷயம். உப்பு மேலேயே பெயிண்ட்டோ கிரீஸோ பூசுனா உள்ள இருந்து துரு கெளம்பும். போர் தண்ணில கழுவுறாங்க நெறைய பேரு, நம்ம கரையோரத்துல பல எடத்துல போர் தண்ணியே உப்பு, அதுல கழுவுறது உப்பால உப்ப கழுவுறது. குடிக்கிற தண்ணிய காசு குடுத்து குடத்துல வாங்குற ஊர்ல இரும்பக் கழுவ நல்ல தண்ணியான்னு வீட்டுல கேப்பாங்க, எங்க வீட்டுலயும் கேட்டாங்க. ஒரு ஹவுசிங்குக்கு ரெண்டு குடம் போதும், ஈரத்துணியால தொடச்சுத் தொடச்சு எடுங்க. வெயில்ல நல்லா காயட்டும், கம்பி பிரஷ் போட்டு தேச்சு, பிரைமர் அடிச்சு, அப்புறம் பெயிண்ட்டு. சீல், கேஸ்கெட்டு, பேரிங் எல்லாம் புதுசு. சேஸுக்கு அடில பழைய ஆயில் பூசுற பழக்கம் இருக்கே, அது புஷ், ஹோஸ் ரப்பர்ல பட்டா ரப்பர் ஊதிரும், பிரேக் கட்டைல பட்டா வழுக்கும், பாத்து பூசுங்க.

என் வண்டி சேஸே அரிக்குது, நல்ல சேஸ் எடுத்து மாத்திரலாமா?

சேஸ் மாத்துறது வேற வண்டி ஆக்குற மாதிரி, சேஸ் நம்பர்தான் வண்டியோட அடையாளம், ஆர்டிஓ அனுமதி இல்லாம அத தொடவே கூடாது. அரிக்க ஆரம்பிச்ச உடனே நிறுத்தப் பாருங்க. கடல் காத்த விட மீன் பெட்டிலேர்ந்து ஒழுகுற ஐஸ் தண்ணிதான் சேஸ திங்குது, என் வண்டில பின் குறுக்குச் சட்டம் அரிச்சது சரியா பெட்டி ஓட்டைக்கு நேர் கீழ. இப்ப பெட்டி ஓட்டைல ஒரு ஹோஸ் மாட்டி, சேஸ்ல படாம வெளிப்பக்கமா எறக்கி, கீழ இருபது லிட்டர் கேன் ஒன்னு கட்டி விட்டிருக்கேன். ரோட்டுல ஒழுகுனா பின்னாடி வர்ற பைக்கு சறுக்கும், அதுக்கும் சேத்துத்தான் கேன். மண்டபத்துலேர்ந்து மதுரை போறதுக்குள்ள ரெண்டு தடவ நெறையும், ரோட்டோரமா நிறுத்தி ஊத்திட்டுப் போறேன். மாட்டி ரெண்டு மழைக்காலம் ஆச்சு, போன வாரம் அதே இடத்துல சுத்தியலால தட்டிப் பாத்தேன், ணங்குன்னு கேட்டுச்சு.